வெள்ளிக்கிழமை ஜெபமும் எதிர்வீட்டு வீடியோவும்

அன்பானவர்களே, சுலபத்தில் யாரையும் நம்புகிறவள் இல்லை நான். அதைச் சொல்லிவிட்டே என் சாட்சிக்கு வருகிறேன்.

போன வருடம் ஜூலையில் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவில் போலீஸ்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதி இல்லாமல் ஜெபக்கூட்டம் நடக்கிறதாம், கூச்சலால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாம், ஒரு வாரத்தில் நிறுத்த வேண்டுமாம். என்ன கூச்சல்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்து ஜெபிப்போம். மைக் கிடையாது, தபேலா கிடையாது. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். படுக்கையைவிட்டு எழுந்து ஆலயத்துக்கு வர முடியாது. பேச்சும் போய்விட்டது. ஜெபம் முடிகிறபோது மட்டும் "ஆமென்" என்று தெளிவாகச் சொல்வார். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை அது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன்? அழுது தீர்த்தேன்.

புகாரோடு ஒரு வீடியோவும் கொடுத்திருக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். யார் எடுத்தது? புதிதாக வர ஆரம்பித்த ஸ்டெல்லா அக்கா ஏன் போனை மடியிலேயே வைத்திருக்கிறார்? முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு ரமேஷ் சார் இப்போது ஏன் சிரிக்கிறார்? கடைசிக் கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே, "ஆண்டவரே, என் வீட்டுக்காரர் குரலை அடைத்துவிடாதேயும்" என்று கெஞ்சினேன்.

போதகர் ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார். நெற்றி நிறைய விபூதி. சரிதான், கேஸ் கோவிந்தா என்று நினைத்துக்கொண்டேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"சார், எங்களுக்காக மனசார வாதாடுவீங்களா?"

"ஏன்க்கா, நான் வீட்ல பூஜை பண்றதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கறேன்? சட்டம் எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா?"

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

ஹைகோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டார்கள். நீல ஜன்னல் கம்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ரமேஷ் சார் வீட்டுச் சமையலறை. நீதிபதி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். குக்கர் விசில் கேட்டது. சீரியல் பாட்டு கேட்டது.

"இதுல ஜெபம் எங்கப்பா?" என்றார்.

சீரியல் ஓய்ந்த ஒரு நொடியில் மெல்லிசாக "ஆமென்" என்று வந்தது. கோர்ட்டிலேயே உடைந்து அழுதுவிட்டேன். அது யார் குரல் என்று வக்கீல் எழுந்து சொன்னார். நீதிபதி, அடுத்தவருக்குத் தொல்லை இல்லாமல் சொந்த வீட்டில் ஜெபிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சொல்லி நோட்டீஸை ரத்து செய்தார். ஸ்தோத்திரம்! கூச்சல் என்று அவர்கள் கொண்டுவந்த வீடியோவைக்கொண்டே ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்.

மறுபடி வெள்ளிக்கிழமை கூடினோம். எதிர்வீட்டு டிவி சத்தமே இல்லை. மறுபடி வீடியோ எடுக்கிறாரோ என்று நினைத்தேன். ஒரு கண்ணைத் திறந்தேன். ஜன்னலோரம் ரமேஷ் சார் நின்றிருந்தார், கையில் போன் இல்லை. என் வீட்டுக்காரர் "ஆமென்" சொல்லும்வரை நின்றுவிட்டு உள்ளே போனார். ஏன் நின்றார் என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கண்ணை முழுசாக மூட முடியாதவள் ஜெபத்தையே கேட்டவர் அவர்.