களித்தட்டுப் பாடம்

‘டடக்… டடக்…’ கிளைச் சிறையில் ராத்திரிக் காவலர் முகம் தெரியும் முன்னே, அவர் பூட்டுகளை இழுத்துப் பார்க்கும் சத்தம்தான் வரும். எண்பதுகளில், தர்மபுரிப் பக்கத்துச் சிறை ஒன்றில் அந்தச் சத்தம் நான்தான். ஊர் தூங்கும்போது விழித்திருந்து பிழைக்கும் சக பாவிகளே, துணைக்கு ஆளில்லாமல் பொட்டலக் காகிதத்தோடு பேசிப் பேசியே படிக்கக் கற்றவன் நான். உள்ளே இருப்பவனுக்கும் நாலு எழுத்து வரட்டும் என்று ஆசைப்பட்டுத் தொலைத்தேன்.

சிலேட்டு வந்தது

சுதந்திர தினத்துக்கு ஒரு பெரிய மனிதர் வந்து, படிப்புதான் உண்மையான விடுதலை என்று வெயில் ஏறும்வரை பேசினார். கைதிகளுக்கு ஓட வழியில்லை. டியூட்டி முடிந்த எனக்கும் இல்லை. ஆளுக்கொரு சிலேட்டும் பல்பமும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார். கார் கேட்டைத் தாண்டியதும் தலைமைக் காவலர் பல்பங்களை மட்டும் பொறுக்கி அலமாரியில் பூட்டினார். “கூரா இருக்குதுய்யா, எவன் கண்ணையாவது குத்திட்டா? சிலேட்டை வெச்சுப் படிக்கட்டும்.”

எம்.ஏ. கைதி

சித்தேரி மலையிலிருந்து வெள்ளையன் என்று ஒருவன் வந்திருந்தான். தேன் எடுத்து இறங்கியவனை வனத்துறைக்காரர்கள் மடக்கி, சந்தனக் கட்டை கடத்தினான் என்று எழுதி, கைரேகை வாங்கி அனுப்பிவிட்டார்கள். என்ன எழுதியிருந்தது என்பதே கோர்ட்டில்தான் அவனுக்குத் தெரிந்ததாம். இனிமேல் படிக்காமல் எதிலும் விரல் வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்தான்.

அதே அறையில், கூட்டுறவுச் சங்கத்துச் சர்க்கரையை விற்றுத் தின்ற எம்.ஏ. ஒருவர் இருந்தார். “இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன் சார்” என்றேன். போர்வையை விலக்காமலே பதில் வந்தது: “படிச்சதாலதாங்க நான் உள்ள வந்தேன். அவனாவது நல்லா இருக்கட்டும், வுடுங்க.”

நான் வாத்தியார்

பல்பத்துக்கு எங்கே போவது? சாயங்காலக் களியைத் தட்டில் பரப்பி, கையை நனைத்துத் தடவி, விரலால் எழுதுவான் வெள்ளையன். தப்பானால் வழித்து வாயில் போட்டுக்கொள்வான். ‘அ’வில் தொடங்கலாமென்றால் கேட்கவில்லை. முதலில் ‘தேன்’ வேண்டுமாம், அடுத்தது ‘சந்தனம்’. எதிர் அறைக்காரன் கம்பி வழியே பார்த்துவிட்டுக் கத்தினான்: “யோவ், என் தட்டுலயும் தேன்னு எழுதிக் குடுய்யா. களியாவது இனிக்கட்டும்!”

மை டப்பா

குற்றத்தை ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாளைத் தண்டனையில் கழித்து விட்டுவிடுவார்கள் என்று சொல்லி, ஒரு காலையில் அவனைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். பொழுது சாய்ந்து நான் வேலைக்கு வந்தால், அதே மூட்டையோடு கேட்டருகே குந்தியிருக்கிறான்.

கூட்டிப்போன போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மை டப்பாவை நீட்டினால், விரலை அதில் வைக்காமல் ஒப்புதல் காகிதத்தில் வைத்து வரி வரியாக ஓட்டுகிறானாம். கடைசியில் மாட்டேன் என்றுவிட்டானாம். “ரேகை வெச்சிருந்தா இந்நேரம் மலை பஸ்ஸுல இருப்பான். எவன்யா இவனுக்குப் படிக்கக் கத்துக் குடுத்தது?”

நான் சாவிக்கொத்தில் சாவி தேடினேன். அவர் போனதும், “வூட்டுக்குப் போகத் தோணலியா?” என்று வெள்ளையனைக் கேட்டேன்.

“தோணுச்சுங்க. கடேசி வரிக்கும் தேடிப் பாத்தனுங்க. சந்தனம் மூணு எடத்துல இருக்குது, தேனு ஒரு எடத்துலயும் இல்லீங்க.”

விடுதலை விடுதலை என்று முழங்கிய பெரிய மனிதர் எந்தக் கதவைச் சொன்னார் என்பது விளங்காமலே, அவனை உள்ளே விட்டுப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தேன்.