மாமாவை அனுப்பப் போன தட்டு

தொடர்ந்து தோற்பது எவ்வளவு அலுப்பான காரியம் என்பதை எனக்கு எட்டு வயதிலேயே வீட்டில் காட்டிவிட்டார்கள். காரைக்குடியில் குழாயும் மோட்டாரும் விற்கும் கடை வைத்திருந்த அப்பாவுக்கு, சும்மா இருக்க முடியாமல் ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் அணியும் இருந்தது. சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் நடத்திய லீக்கில் அந்த அணி கடைசி இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து அப்பா சாப்பிட உட்காரும்போது அம்மா எதுவும் கேட்க மாட்டாள். ரசத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவாள்.

அணியில் ஆடத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி, அப்பாவின் தங்கையைக் கட்டியவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டில் ஒருவர் முகம் சுளித்தால் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மாமா அடித்தால் பந்து கண்மாய்க் கரையைத் தாண்டி விழும். ஆனால் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓடி முடித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். மற்றவர்கள் கடைக்கு வந்துபோகிற பிளம்பர்கள். வேலை இருந்தால் ஆட்டத்துக்கு வர மாட்டார்கள், வந்தால் ஆட மாட்டார்கள்.

பாதி ஆட்டங்கள் முடிந்ததும் அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்று லீக்கில் ஒரு விதி இருந்தது. சம்பந்தப்பட்ட ஆட்டக்காரர் சம்மதிக்க வேண்டும்; குறித்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். முதலிடத்தில் இருந்த தேவகோட்டை அணி மாமாவைக் கேட்டது. கோப்பையைத் தூக்க இப்படி ஒரு அடிக்காரர்தான் அவர்களுக்குக் குறை. பதிலுக்கு, அங்கே ஓரத்தில் உட்கார்த்தி வைத்திருந்த இரண்டு அரியக்குடிப் பையன்களைத் தருவதாகச் சொன்னார்கள். ஒருவன் இடக்கையால் வேகமாகப் பந்து வீசுவான், இன்னொருவன் கீப்பர்.

"இந்த வருசம் போனது போனதுதான். இந்தப் பயலுகளை வாங்கிப்புட்டா அடுத்த வருசம் நிமிந்துரலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். யோசித்துப் பார்த்தால் சரியான முடிவு. அம்மாவுக்கும் அது புரிந்தது.

"அதை ஃபோன்ல சொல்லிறாதீக" என்றாள் அம்மா. "எந்தம்பிங்கிறத விடுங்க, ஒங்க தங்கச்சி வீட்டுக்காரரு. முறையாத் தட்டெடுத்துட்டுப் போயிக் கேளுங்க."

அங்கேதான் பிசகியது. எங்கள் பக்கத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு எடுத்துப் போனால் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். பெண் கேட்கப் போவார்கள், கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்ப அழைக்கப் போவார்கள். ஒருவரைக் கிளம்பச் சொல்வதற்காக யாரும் தட்டு தூக்கியதில்லை. மரியாதை குறைந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இது உறைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், தட்டை என் மடியில் வைத்துப் பைக்கில் கழனிவாசலில் இருந்த மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார் அப்பா. மாமாவை அனுப்பப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

"வாங்க மச்சான். சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல" என்று மாமா எழுந்து நின்றார். அப்பா தட்டை டீப்பாயின் மேல் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, நம்ம டீம் விசயமா..."

மாமா தட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் மச்சான். தேவகோட்டைக்காரக கூப்புடுறது ஒங்க காதுக்கு வந்திருச்சு, அதானே? நீங்க தட்டோட வந்து நிக்கிறீக. இதுக்கு மேல நான் எங்குட்டுப் போவேன்? இங்கதான் இருப்பேன்."

"அதுக்கில்ல மாப்ள..."

"முடிஞ்சு போச்சு மச்சான்" என்று மாமா ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டார்.

வெற்றிலையை எடுத்த பிறகு பேச்சு கிடையாது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். அத்தை கொண்டுவந்த காப்பியை வாங்கிக்கொண்டார். "சந்தோசம் மாப்ள" என்றார். அவ்வளவு களைத்துப்போன சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

நானோ குதித்தேன். பழங்களை உள்ளே வைக்கப் போன அத்தையின் பின்னாலேயே ஓடினேன். கட்டிலின் மேல் உறை பிரித்த புது நீலச் சட்டை ஒன்று விரித்துக் கிடந்தது. தேவகோட்டை அணியின் சட்டை. முதுகில் மாமாவின் பெயர். அத்தை அதை அவசரமாக மடித்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் செருகினாள்.

"அப்பாட்ட சொல்லிறாதடி. ஒரு தடவயாச்சும் கப்பத் தூக்கிறணும்னு ரொம்ப ஆசையா இருந்தாரு" என்றாள்.

அதனாலென்ன, மாமா நம்மிடம் இருந்தால் நாமே கோப்பையைத் தூக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, அத்தை நறுக்கிக் கொடுத்த ஆப்பிளைத் தின்றேன். சொல்லாதே என்றாள், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது ஆட்டத்திலேயே மாமாவின் முழங்கால் கைவிட்டது. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டினார். நாங்கள் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் தேவகோட்டை அணி வேறு வழியில்லாமல் அந்த இடக்கைப் பையனை இறக்கியது. அவன் வீசிய வீச்சில் எதிரணி சுருண்டது. அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். பையன் விக்கெட் எடுத்தபோதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தேவகோட்டைக்காரர்கள் கோப்பையைத் தூக்கியபோது மாமா குனிந்து செருப்பைத் தேடினார்.

பேருந்தில் திரும்பும்போது இருவருக்கும் நடுவில் நான். வெயில் இறங்கியிருந்தது. தோற்றவர்களைத் தேற்ற வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது.

"கப்பு போனாப் போகுது. மாமா நம்மளோடயே இருந்துட்டாருல்ல?" என்றேன்.

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். மாமாவும் ஆட்டினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வெயிலில் உட்கார்ந்திருந்த அலுப்பு என்றுதான் நான் நினைத்தேன்.