என் தங்கை அப்படிச் சொல்லவில்லை

தங்கையின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், எர்ணாவூரில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் எழுதும்படி தங்கையின் மகன் கேட்டபோது முதலில் தட்டிக் கழித்தேன். “மாமா, அம்மாவப் பத்தி நீங்க எழுதாம யாரு எழுதுவா? நல்ல தமிழ் உங்களுக்குத்தான் வரும்” என்றான். அவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தங்கை என்னைவிட வயதில் இளையவர். வீட்டில் ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். இதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

ராயபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் பிறந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சுவரில் மாதா படம் ஒன்று, கட்சித் தலைவரின் படம் ஒன்று. இரண்டுக்கும் அப்பா ஒரே மாதிரிதான் பூ வைப்பார். கட்சி மாறுகிறவன் பெற்ற தாயை மாற்றுகிறவன் என்பது அவருடைய வேதம். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வளர்ந்தேன். வரலாற்று ஆசிரியராகி, வாக்குரிமையைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தினேன். என் சொந்த வாக்கைப் பற்றி மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

தங்கை பள்ளி முடித்து, தட்டச்சு கற்று, துறைமுகத்துக்கு எதிரே சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணமாகி எர்ணாவூர் வந்தார். கணவர் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை செய்து, நெஞ்சில் புகை கட்டி, மகன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். தங்கை வேலையை விடவில்லை. யாரிடமும் கையேந்தவில்லை. நான் ஓய்வு பெற்று அதே தெருவுக்குக் குடிவந்தபோது, எனக்கும் சேர்த்து உலை வைத்தவர் அவர்தான்.

எங்கள் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தெருமுனையில் மாதா கெபி, குகை போல் கட்டிய சிறு கோயில், இருக்கிறது. மாலை ஜெபமாலை முடிந்ததும் பெண்கள் அங்கேயே சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இந்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். தேர்தல் வந்தால் தங்கை அங்கே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எதிரெதிரே இரண்டு நாற்காலி போடுவார். ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று கேட்பவருக்கு. எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் கேள்வி முடிந்த பிறகுதான் ஆரத்தி.

“தட்டு எங்கியும் ஓடிடாது. மொதல்ல ஒக்காருங்க” என்பார்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். “இந்த அக்கா கேட்டு முடிக்கறத்துக்குள்ள கற்பூரமே கரைஞ்சிடும் போல கீது.”

எனக்கு அது பிடிக்காது. “ஆளைப் பார்த்துப் போடுறதுன்னா அப்புறம் கட்சி எதுக்கு, கொள்கை எதுக்கு?” என்று சண்டை பிடிப்பேன்.

“அண்ணாத்த, நீ காசிமேட்டுல மீனு வாங்கறே. செவுளத் தூக்கிப் பாத்து வாங்குறியா, படகுல எழுதிகிற பேரப் பாத்து வாங்குறியா?” என்று கேட்டார். நான் கொள்கையின் வரலாற்றை விளக்கத் தொடங்கினேன். “கொள்கை வேணாம்னு யாரு சொன்னா? அது நம்ம தெருவுக்கு ஒரு தபா வந்தா, டீ போட்டுக் குடுத்து அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஒரு மாநகராட்சி மன்றத் தேர்தலில் எங்கள் கட்சி வேட்பாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “மழை பெஞ்சா எங்க தெருத் தண்ணி எங்க போவும்?” என்று தங்கை கேட்டார். “அதெல்லாம் தலைமை பாத்துக்கும்மா” என்றார் அவர். அடுத்த நாள் சுயேச்சையாக நின்ற செவிலியர் வந்தார். பக்கத்துத் தெருக்காரர்தான். அதே கேள்விக்கு, “போவறதில்லக்கா, திரும்பி வருது. கடல் ஏறுற நேரத்துல கால்வாய் தண்ணி முகத்துவாரத்துல முட்டிகினு நம்ம பக்கம் திரும்புது. அங்க கதவு வெக்காம இங்க சாக்கடை கட்டிப் புண்ணியமில்ல” என்றார். அன்று அவருக்கு எடுத்த ஆரத்தியில் ஒரு தீர்மானம் இருந்தது. அது எனக்கும் புரிந்தது. நான் கட்சியின் வாக்குச்சாவடி முகவர்.

வட்டச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “வாத்தியாரே, சொந்தத் தங்கச்சியயே உங்களால வழிக்குக் கொண்டாற முடியல. நீங்க எங்க ஊரக் கொண்டாறப் போறீங்க?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். கால்வாய் வேலை உங்கள் தெருவில்தான் முதலில் தொடங்கும் என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னார். நம்பினேன்.

பிரச்சாரம் ஓய்ந்த மாலை, மருமகளின் பிரசவத்துக்காகத் தங்கை ராயபுரத்தில் மருத்துவமனையில் இருந்தார். ஜெபமாலை முடிந்ததும் நான் கெபி முன்னால் போய் நின்றேன். “தங்கச்சி சொல்லி அனுப்பிச்சிருக்கு. நல்லா யோசிச்சுப் பாத்துச்சாம். இந்தத் தபா நம்ம கட்சிக்கே போட்டுடலாம்னு சொல்லுது” என்றேன்.

ஸ்டெல்லா மட்டும் கேட்டார். “அக்காவா சொல்லிச்சு?”

“நான் பொய்யா சொல்றேன்?” என்றேன். நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவன் இப்படிக் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அவர்கள் அப்படியே வாக்களித்தார்கள். தங்கை வாக்குப்பதிவன்று நேராக மருத்துவமனையிலிருந்து வந்து, தன் வாக்கைப் போட்டுவிட்டு, பேரனிடம் திரும்பிவிட்டார். செவிலியர் தோற்றார்.

அந்த ஆண்டு மழையில் கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக வீடுகளுக்குள் ஏறியது. செயலாளர் என் தொலைபேசியை எடுக்கவில்லை. தண்ணீரில் நடந்து அவர் வீட்டுக்கே போனேன். “இன்னா வாத்தியாரே அவசரம்? உங்க தெரு எப்பவும் நம்ம தெருதானே. எங்க போயிடப் போறீங்க? சந்தேகமா இருக்கற தெருவுக்கு மொதல்ல படகு அனுப்பறோம்” என்றார். அப்பா காலத்திலிருந்து நாங்கள் கொடுத்த விசுவாசத்துக்கு அவர்கள் வைத்திருந்த மதிப்பு அதுதான். உறுதியான வாக்கு என்பதால்தான் எங்கள் தெரு கடைசியில் நின்றது. அந்த நிமிடத்தில் வஞ்சிக்கப்பட்டவனாக என்னை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பியபோதுதான் வஞ்சித்தவனும் நான்தான் என்று தெரிந்தது.

தெருவில் ஸ்டெல்லா இடுப்பளவு தண்ணீரில் நின்று தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏன்கா, அவுங்களுக்கே போடச் சொல்லி அனுப்பிச்சியே. அதுக்கு இன்னா வாங்கிகினே? கெபியாண்ட வாத்தியாரு வந்து சொன்னாரே, நீ சொல்லி அனுப்பிச்சேன்னு.”

தங்கை திரும்பி என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“ஆமா ஸ்டெல்லா. நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். தப்பாப் பூட்ச்சு” என்றார்.

அன்று வீட்டில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “ஒன்னக் காட்டிக் குடுத்தா தண்ணி வடிஞ்சிடுமா? இந்தத் தெருவுல நீ தலை நிமிந்து நடக்க வேணாமா?” என்றார். பிறகு தண்ணீரில் மிதந்த பாத்திரங்களைப் பொறுக்கியபடியே சொன்னார். “நீ கட்சிக்குப் போட்டதுல எனக்கு வவுத்தெரிச்சல் இல்ல. அது உன் ஓட்டு. அந்தப் பொம்பளைங்க ஓட்டையும் எடுத்துகினு போயி நீயே போட்டுட்டே. அதுவும் என் வாயால.”

அதற்குப் பிறகு தெரு அவரோடு பேசவில்லை. விலை போனவர் என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஜெபமாலையை வீட்டுக்குள்ளேயே சொல்லத் தொடங்கினார். நான் முகவர் பொறுப்பை விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்பும் பெற்றேன். திரைக்கு அப்பால் இருக்கும் பாதிரியாரிடம் சொல்வது எளிது. தெருவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன். கெபி முன்னால் நான் சொன்னது பொய். என் தங்கை அப்படிச் சொல்லவில்லை. அவர் எதையும் வாங்கவில்லை. எவருக்கும் யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லியனுப்பும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

கடைசித் தேர்தலின்போது சர்க்கரை நோயால் அவருக்குக் கண் தெரியவில்லை. அப்போதும் வேட்பாளர்களை வீட்டுக்கு வரவழைத்து அதே கேள்வியைக் கேட்டார். பார்வையற்றவருக்காகத் துணைக்கு வருபவர் பொத்தானை அழுத்தலாம். மகனைக் கூட்டிப் போகச் சொன்னேன். “நீ வா அண்ணாத்த” என்றார்.

மறைப்புக்குப் பின்னால் என் காதில் ஒரு பெயரைச் சொன்னார். அது யார் என்று எழுத மாட்டேன். இரகசியம் காப்பதாக அங்கே உறுதி கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டு என் விரல் நின்றது என்பதை மட்டும் சொல்லலாம். அது நான் போட்டிருக்கக்கூடிய பெயரல்ல. வேறு பெயரை அழுத்தினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. என் விரல் நின்றதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். என் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்ன பெயருக்கு நேராக அழுத்தினேன். ஒலி வந்தது.

“நான் சொன்னதுதானே?”

“அதுதாம்மா.”

இரண்டாம் முறை கேட்கவில்லை. வீடு வரும்வரை பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

தினமும் வந்து இன்சுலின் போட்டுவிட்டு, தோல்வியைப் பற்றி ஒருநாளும் பேசாத அந்தச் செவிலியருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பேச்சு நின்றுபோன பிறகும், தங்கை படுத்த நாட்களில் மீன்குழம்பை வாசலில் வைத்துவிட்டுப் போன ஸ்டெல்லாவுக்கு நன்றி. அதன் மணத்தை வைத்தே யார் வைத்தது என்று தங்கை கண்டுபிடித்துவிடுவார். திருப்பலி நிறைவேற்றும் பங்குத்தந்தைக்கும், பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைத் தங்கையின் மகனுக்குப் படித்துக் காட்டினேன். “ஒரு வரி கூட எடுக்காதீங்க மாமா” என்றான். அவனுக்கும் நன்றி.

அடுத்த தேர்தலுக்கு அந்த இரண்டு நாற்காலிகளையும் நான் கெபி முன்னால் கொண்டுவந்து போடுகிறேன். போட்டுவிட்டுப் போய்விடுவேன், கேட்பது உங்கள் பாடு. என்மேல் கோபம் இருப்பவர்கள் என்னோடு பேச வேண்டாம். அவரோடு பேசாமல் விட்டவர்கள் மட்டும் காசிமேடு கல்லறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், தெருவில் தண்ணீர் வடிந்ததா என்று சொல்லுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.