பன்னிரண்டரை வயது மேனேஜர்

துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் பன்னிரண்டு பேர் படுக்கும் ரூமில் ஒரு மேல் கட்டிலோடு வாழ்க்கையைத் தொடங்கியவன் நான். பத்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு ஷார்ஜாவில் அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் ஒர்க்‌ஷாப் போட்டேன், என்ஜினியர் கொண்டுவரும் டிராயிங்கில் தப்புக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன், இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், வெறும் மணலாகக் கிடந்த இடத்தை நிரவி நம் பிள்ளைகளுக்கு ஹாக்கி மைதானம் ஆக்கினேன். எல்லோரும் முடியாது என்று சொன்ன பிறகுதான் இவை ஒவ்வொன்றையும் செய்தேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் உருவாக்கியது ஒரு மாவட்ட அணி. அதை நினைத்தால் இன்றைக்கும் மட்டைகளுக்குத் தேய்த்த விளக்கெண்ணெய் வாசனைதான் முதலில் வருகிறது.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் வெறுங்காலோடு ஹாக்கி ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். மட்டை விரிந்தால் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவோம்; அதற்கு எங்கள் பேச்சில் "கட்டுப் போடுறது" என்று பெயர். அந்த வருஷம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மாவட்ட அணியை எடுக்கும் பொறுப்பு எங்கள் பள்ளி டிரில் மாஸ்டருக்கு வந்தது. நான் லெப்ட் அவுட்டில் பந்தோடு ஓடினால் பிடிக்க ஆளில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவும் இருக்கட்டும். முதல் நாளே மாஸ்டர் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே மாரி, உனக்கு வயசு தாண்டிட்டுல்லா. நீ ஆட முடியாது."

எனக்கு அப்போது உண்மையில் பன்னிரண்டரைதான். எங்கள் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைத்து எழுதுவார்கள், பின்னால் அரசாங்க வேலைக்கு உதவும் என்று. எனக்கு மட்டும் கூட்டி எழுதினார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறும் உண்டு என்பதால், மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயது என்று ஹெட்மாஸ்டர் ஒரு தேதியைப் போட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மறுநாளும் மைதானத்துக்கு வந்து மட்டைகளுக்குக் கட்டுப் போட்டேன். நாலாம் நாள் மாஸ்டருக்கு மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். போகும்போது விசிலை என் கழுத்தில் மாட்டி, "ஆடுறவன் எவனும் ஆளை எடுக்கக் கூடாதுலே. தனக்கு வேண்டியவனைத்தான் எடுப்பான். நீ ஆடலை, நீயே எடு" என்றார்.

நாலு பள்ளியிலிருந்து வந்த நாற்பது பையன்களை, எல்லோரும் என்னைவிட உயரம், பன்னிரண்டு நாள் நான் ஓடவைத்தேன். பதினைந்து பேரை எடுத்தாயிற்று. பாக்கி கோல்கீப்பர். அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் கேப்டன் பால்துரையின் சித்தப்பா மகன்; வாட்டசாட்டமானவன், நல்ல காலுறையும் பூட்ஸும் வைத்திருந்தவன். இன்னொருவன் சங்கரன், குட்டையன். எங்கள் கோலுக்குப் பின்னால் வலை கிடையாது, வேலிக்கருவை முள்தான். கோல் விழுந்தால் சித்தப்பா மகன் இடுப்பில் கைவைத்து, யாராவது பந்தை எடுத்து வரட்டும் என்று நிற்பான். சங்கரன் தானே முள்ளுக்குள் பாய்ந்து எடுத்து நடுக்கோட்டுக்கு வீசிவிட்டு, அடுத்த பந்துக்கு வந்து நிற்பான். மூன்று நாள் இதை மட்டும் பார்த்தேன். சங்கரன் என்று முடிவு செய்தேன்.

பால்துரை மட்டையைத் தரையில் குத்திக்கொண்டு வந்தான். "எங்க தம்பிய எடுக்கலன்னா நானும் வரமாட்டேன் பாத்துக்கோ."

"வராட்டி போ. பதினஞ்சு பேரோட போறேன்."

"நீ யாருலே சொல்றதுக்கு, பொடிப்பயலே?"

"கழுத்துல விசில் தெரியலியா?"

ஆஸ்பத்திரியில் நான் பதினாறு பெயரைச் சொல்லச் சொல்ல மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பெயரைக்கூட அவர் மாற்றவில்லை. ரயிலடிக்குப் பால்துரை வந்து சேர்ந்தான்.

மாநிலப் போட்டி நடந்த திருச்சியில், ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த மாஸ்டர் உடம்புக்கு முடியாமல் பெஞ்சில் சாய்ந்திருக்க, யாரை எப்போது இறக்குவது என்பதை நான்தான் அவர் காதில் சொன்னேன். இறுதி ஆட்டத்தில் ஒரு கோலில் ஜெயித்தோம். கடைசி நிமிடத்துப் பெனால்டியைச் சங்கரன் நெஞ்சில் வாங்கி நிறுத்தினான். மேடையில் பதினாறு பெயரையும் மாஸ்டர் பெயரையும் வாசித்தார்கள். என் பெயரை வாசிக்கவில்லை.

இப்போது ஷார்ஜாவில் பிள்ளைகளுக்கு ஹாக்கிப் போட்டி நடத்துகிறோம். விழா மலரில் அந்தப் பழைய அணிக்கு ஒரு பக்கம். மலர்ப் பொறுப்பு பால்துரைக்கு. அவன் இப்போது அபுதாபிப் பக்கம் ருவைஸ் எண்ணெய் ஆலையில் பெரிய சூப்பர்வைசர். போன வாரம் சங்கரனின் கேப்டீரியாவில் உட்கார்ந்து, பால்துரை கொண்டுவந்த பட்டியலைப் பார்த்தேன். அதே பதினேழு பெயர்.

"நீ ஆடவே இல்லியே மாரி, எந்த இடத்துல போட?" என்றான் பால்துரை.

"மாஸ்டர் பேருக்குக் கீழ போடு."

"போட்டா ஏன் ஆடலைன்னு கேப்பான். வயசுக் கதைய எழுதணும். பாஸ்போர்ட்டுல இருக்கது பொய்த் தேதின்னு நீயே அச்சடிச்சுக் குடுக்கப் போறியா? விசா, லைசென்ஸ் எல்லாம் கலாஸ், முடிஞ்சுது."

டீ ஊற்றிக்கொண்டிருந்த சங்கரன் திரும்பாமலே சொன்னான்: "ஒன் தம்பிய எடுக்காத கோவம் இன்னும் போகலியாடே?"

பால்துரை சிரித்தான். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட விடாமல் தடுத்த அதே தேதிதான், பத்தொன்பதரை வயதில், விசாவுக்கு வேண்டிய இருபத்தொன்று முடிந்தவன் என்று சொல்லி என்னை விமானம் ஏற்றியது. இத்தனை வருஷம் அதைப் பற்றி நான் யாரிடமும் வாய்திறந்ததில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மலருக்கு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

மாஸ்டர் இன்று இல்லை. அந்த மைதானத்தில் வீடுகள் வந்துவிட்டன. மரமட்டை போய் பைபர் மட்டை வந்துவிட்டது, விரிந்தால் தூக்கிப் போடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு நாளைப் பார்த்த சாட்சி சங்கரனும் பால்துரையும் என்று இரண்டே பேர்தான் இந்தப் பக்கம் மிச்சம். பாஸ்போர்ட்டின்படி எனக்கு அறுபத்து மூன்று, உண்மையில் அறுபத்தொன்றரை. எந்த ஆபீசில் கேட்டாலும் இதைச் சொல்கிறேன், வருவது வரட்டும். மாஸ்டர் பெயரை எடுக்க வேண்டாம், அவர் பெயர் மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், "அணித் தேர்வும் மேலாண்மையும்: மாரியப்பன், வயது பன்னிரண்டரை" என்று போடு, பால்துரை. போட்ட பிறகு மலரை அச்சுக்கு அனுப்பு.