லீமாவின் கைக்கு ஒரு கத்தி

ஷீஜாவின் கத்தியைப் பார்த்த நாளிலிருந்து லீமாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். சோறு நன்றாகவே இறங்கியது. மனசுதான் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் ரோட்டில், ஒரு வளைவுக்குக் கீழே, சுந்தரராஜின் ரப்பர் நாற்றுப் பண்ணை இருக்கிறது. அங்கே லீமாவுக்கு ஒட்டுக் கட்டும் வேலை. விதையில் முளைத்த ரப்பர் நாற்றின் பட்டையில் ஜன்னல் மாதிரி ஒரு துண்டைத் திறக்க வேண்டும். நல்ல ஜாதி மரத்தின் கம்பிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து அந்த ஜன்னலுக்குள் வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். கறுத்திருந்தால் அந்த நாற்று போச்சு. யார் கட்டியது என்று தெரிவதற்காக ஆளுக்கொரு நிறத்தில் நாடா. லீமாவுக்கு நீலம், ஷீஜாவுக்கு மஞ்சள். நீலம் கட்டினால் கறுக்காது என்று நாற்று வாங்க வருகிறவர்களிடம் சுந்தரராஜே பெருமையாகச் சொல்வார். அதை லீமா காதில் விழாதது போல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த நீலத்தை அவள் கட்டியது பூதப்பாண்டியில் வாங்கிய ஒரு சாதாரணக் கத்தியால். மடங்காது. பழந்துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். இரண்டு தடவை துணியைத் தாண்டி இடுப்பையே கீறியிருக்கிறது. இந்த வேலைக்கான கத்திக்கு அலகின் ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டியிருக்க வேண்டும். மறு பக்கம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது பிடிக்கிற கையைப் பொறுத்தது. லீமா தன் கத்தியைத் தானே கல்லில் தேய்த்து இடது கைக்குத் தோதாகத் தீட்டி வைத்திருந்தாள்.

ஆமாம், அவளுக்கு இடது கைதான். சின்ன வயதில் இடது கையைச் சோற்றில் வைத்ததற்கும் அதே கையால் சிலேட்டில் எழுதியதற்கும் அப்பாவிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அதனால் சாப்பிடுவதும் எழுதுவதும் சோறு விளம்புவதும் வலது கைக்குப் போய்விட்டன. கத்தியை மட்டும் யாரும் பிடுங்கி மாற்றவில்லை. அலகு உள்ள எதைத் தொட்டாலும் அவளுக்கு இடது கை தானாக முன்னால் வந்துவிடும்.

ஷீஜா இவளைவிட ஏழெட்டு வயது இளையவள். வேலையில் சுமார். பத்தில் இரண்டு மஞ்சள் கறுக்கும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் புருஷன் ஸ்டெனி ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் கொண்டு விடுவான், சாயங்காலம் சீக்கிரமே வந்து வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு இவர்கள் வேலை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். வேலையற்ற வேலை என்று லீமா நினைப்பாள். நினைப்பதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

கல்யாண நாளுக்கு அந்த ஸ்டெனிதான் ஷீஜாவுக்குக் கத்தி வாங்கிக் கொடுத்திருந்தான். வெளிநாட்டுக் கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கும். மடக்கினால் ஒரு விரல் நீளம்தான், விரித்தால் டக் என்ற சத்தத்தோடு நிற்கும். இடுப்பைக் கீறாது. ஷீஜா அந்தக் கதையைப் பண்ணையில் உள்ள எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். லீமாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

"நான் ஒறங்கிக் கெடக்கேன் அக்கா. முழிச்சுப் பாத்தா, இவரு எனக்க கைய எடுத்து பேப்பர்ல வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சோண்டு இருக்காரு. என்னத்துக்குன்னு கேட்டா, பெரிய பிடி உனக்க கைக்கு ஒக்காது, அளவெடுக்கேன்னு சொல்லுதாரு. கிறுக்கு!"

கிறுக்கு என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். லீமா பார்த்தாள். பார்த்து, நன்றாக இருக்கிறது என்பதை "கொள்ளாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

பிடித்துப் பார்க்கக் கேட்டபோது ஷீஜா கத்தியைக் கையில் தரவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று சாக்கின் மேல் வைத்தாள், லீமா அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். எல்லாரும் செய்வதுதான். அன்றைக்கு லீமாவுக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. சண்டை வந்தால் வரட்டுமே என்றிருந்தது.

லீமாவின் புருஷன் பிரைட்டன் தோஹாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அதில் அவன் ஊரில் இருந்ததை எல்லாம் ஒட்டுப் போட்டால் மூன்று வருஷம் தேறலாம். மோசமான ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. பணம் ஒரு மாசம்கூடத் தவறியதில்லை, வீட்டுக்கு மாடி போட்டாயிற்று. வரும்போது சென்ட், சோப்பு, பால்பவுடர், டைகர் படம் போட்ட கம்பளி எல்லாம் வரும். போன தடவை வந்த கம்பளியைப் போர்த்தும் குளிர் இந்த ஜில்லாவில் இன்னும் அடிக்கவில்லை. மீன் வாங்கி வந்தால் அவள் கொல்லைப்புறம் போய் வெட்டிக் கழுவிக்கொண்டு வருவாள். அவன் முன்பக்கம் நாற்காலியில் கால் நீட்டி, சிநேகிதர்களோடு பேசிக்கொண்டிருப்பான்.

அன்று சாயங்காலம் போனில் லீமா நேரடியாகவே கேட்டாள்.

"எனக்கு ஒரு கத்தி வேணும்."

"கத்தியா? ஆரக் குத்தப் போற?"

"வேலைக்குத்தான். மடக்குக் கத்தி. ஷீஜாக்க வீட்டுக்காரரு வாங்கிக் குடுத்திருக்காரு. எனக்கு அதவிட ஒசந்தது வேணும்."

"ஆட்டோக்காரன் வாங்கினதவிட ஒசந்தது நான் வாங்க மாட்டனா? படத்த அனுப்பு மக்கா."

அதன் பிறகு இரண்டு வாரம் லீமா கத்தி பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தாள், சர்ச்சில் பிரசங்கம் நீண்டபோது பாட்டுப்புத்தகத்துக்கு அடியில் போனை வைத்துப் பார்த்தாள். வேலை தெரிந்தவள் பார்க்கிற பார்வை. பிளாஸ்டிக் பிடி வேண்டாம், ரப்பர் பால் பட்டால் வழுக்கும். முனை கூர்மையாக இருந்தால் உள்மரத்தைக் குத்திவிடும். அலகு நீளமானால் சீவும்போது கட்டைவிரலுக்கு ஆபத்து. விரிக்க நகத்தை உடைக்க வைக்கும் கத்தி நாளெல்லாம் ஆகாது. இதுவரைக்கும் நியாயம். இதற்கு மேல் அநியாயம் தொடங்கியது. ஷீஜாவின் கத்தி மாதிரி இருந்ததை எல்லாம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தள்ளிவிட்டாள். ஷீஜாவுக்குச் சிவப்புப் பிடி என்பதால் சிவப்பே வேண்டாம். ஷீஜாவுக்குப் பட்டையை நெம்பும் நாக்கு அலகின் முதுகிலேயே இருந்தது. இவளுக்கு அது பித்தளையில், தனியாக மடங்குவதாக வேண்டும். கடைசியில் அக்ரூட் மரப் பிடியும் இரண்டு முனையிலும் பித்தளைப் பூணும் உள்ள ஒரு ஜெர்மன் கத்தியில் கண் நின்றது. படத்தை அனுப்பினாள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை, தனக்கு எந்தக் கை என்பதை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கட்டின புருஷனுக்கு யாராவது அதைப் போய்ச் சொல்வார்களா?

லீவில் வந்த ஆன்ட்ரூஸ், பிரைட்டனோடு அறையில் தங்கியிருப்பவன், பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். லீமா கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தாள். படத்தில் பார்த்ததைவிட அழகு. மரத்தில் ரேகை ஓடியது. பித்தளையில் அவள் முகம் தெரிந்தது. நாளைக்கு ஷீஜாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அலகை விரித்தாள்.

விரித்த உடனே தெரிந்துவிட்டது. சரிவு மறு பக்கத்தில் இருந்தது. வலது கைக் கத்தி.

ஜெர்மன்காரன் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் செய்வான் போலிருக்கிறது, அவனுக்கு என்னை எப்படித் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்த ஆறுதல் பிரைட்டன் கூப்பிடும்வரை நின்றது.

"கிட்டிச்சா? எப்பிடி இருக்கு? எத்தன கட ஏறி எறங்கினேன் தெரியுமா? ஒருத்தன் என்னட்ட கேக்கான், எடங்கைக்கா வலங்கைக்கான்னு. எடங்கைக்குன்னு தனியா ஒண்ணு உண்டாம் கேட்டியா! எனக்குச் சிரிப்பு வந்துட்டு. எனக்க பெண்டாட்டிக்கு அப்பிடி ஒரு கொறையும் கெடையாது, வலங்கைக்குள்ளதுல ஒசந்ததத் தான்னு சொல்லிட்டேன்."

லீமா கத்தியை மடக்கினாள். "நல்லா இருக்கு" என்றாள்.

புதிய கத்தியின் இரும்பு அவளுடைய கல்லில் தேய்கிற ஜாதி இல்லை. மறுநாள் அவள் பழைய கத்தியைக் கொண்டுபோயிருக்கலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஷீஜா பார்க்க வேண்டுமே! புதுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பண்ணையே கூடிப் பார்த்தது. சுந்தரராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்து, "பிரைட்டன் வாங்கினா இப்பிடியில்லா வாங்கணும்" என்றார். ஷீஜாவும் பார்த்தாள். "நல்ல அழகு அக்கா" என்றாள். ஆனால் லீமா எதிர்பார்த்த மாதிரி அவள் முகம் எங்கேயும் போகவில்லை. அலகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை தொடங்கியது. இடது கையில் பிடித்துச் சீவினால் அலகு நேராகப் போகாமல் விலகி ஓடியது, மொட்டு பாதியில் கிழிந்தது. வலது கைக்கு மாற்றினால் கை ஊராரின் கை மாதிரி இருந்தது. கிழிந்த மொட்டுகளை யாரும் பார்க்காமல் சேலை மடியில் போட்டுக்கொண்டாள். பத்து நாற்று முடிக்கிற நேரத்தில் மூன்றுதான் முடிந்தது. அந்த மூன்றும் கறுக்கும் என்று கட்டும்போதே தெரிந்தது. தன் நீல நாடாவைத் தன் கையாலேயே அவற்றில் கட்டியபோது லீமாவுக்கு அழுகை வந்தது.

ஷீஜா தன் வரிசையை விட்டு வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சத்தம் குறைத்துச் சொன்னாள்.

"அக்கா, இது வலங்கைக் கத்தியில்லா? உங்களுக்கு ஒக்காதே."

"ஆரு சொன்னா? பழகினாப் போதும்."

"கோவிக்காதீங்க. எனக்குக் கத்தி நோக்கும்போதே இவரு சொன்னாரு, லீமாக்கா எடங்கைக்காரி, அவங்களுக்குள்ளது வேற மாதிரியில்லா இருக்கும், கேட்டா அது இன்னதுன்னு காட்டிக் குடுக்கலாம்னு. நீங்க கேக்கல்ல. குடுங்க, பட்டறையில மாத்தித் தீட்டித் தரச் சொல்லுதேன்."

லீமா கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேலியோரம் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பொழுது போக்குகிறவன் என்று அவள் நினைத்த ஆள், யாரோ ஒருத்தி எந்தக் கையில் கத்தி பிடிக்கிறாள் என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறான். அவனுக்கு அது பெரிய விஷயமே இல்லை, கண்ணுக்குப் பட்டது, மனதில் நின்றது. அவ்வளவுதான். அவ்வளவு கூட இவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை நாளும் பொறாமைப்பட்டது கத்தியின் மேல் என்று நினைத்திருந்தாள். அது எப்போதுமே அந்தப் பென்சில் கோட்டின் மேல்தான் இருந்திருக்கிறது.

"உனக்க வேலயப் பாருட்டி" என்றாள். ஷீஜா எழுந்து தன் வரிசைக்குப் போனாள்.

பழைய கத்தி அடுத்த நாள் முதல் இடுப்புக்குத் திரும்பியது. புதியது பெட்டியோடு பையில் கிடந்தது. கேட்டவர்களிடம், நல்ல பொருளை மழையில் நனைப்பானேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை பிரைட்டனுக்கு லீவு. வேலை முடிந்து லீமா ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றபோது வீடியோவில் கூப்பிட்டான். மேகம் கறுத்திருந்தது. ஐந்தடி தள்ளி ஸ்டெனியின் ஆட்டோ, ஷீஜா உள்ளே ஏறிக்கொண்டிருந்தாள்.

"கத்திய எடு, எப்பிடி வெட்டுதுன்னு நான் பாக்கட்டு. ஆன்ட்ரூசும் போன் பண்ணிக் கேட்டான்."

அவள் மறுத்துப் பார்த்தாள். அவன் விடவில்லை. போனை மைல்கல்லின் மேல் சாய்த்து வைத்தாள். வேலியில் இருந்த ஒரு கொய்யாக் கம்பை ஒடித்தாள். பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தாள். வலது கையில் பிடித்து நாலு சீவு சீவிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவள் இடது கையில் பிடித்தாள். வேண்டுமென்றேதான் பிடித்தாள், இப்போதாவது பார்க்கட்டும் என்று. கம்பில் அலகு வழுக்கி ஓடி, பட்டை நார்நாராகக் கிழிந்தது.

"என்ன நீ?" பிரைட்டன் சத்தமாகச் சிரித்தான். "பீச்சாங்கையில பிடிச்சா எப்பிடிப் போவும்? ஒழுங்காப் பிடி!"

"நான் இதுலதான் பிடிப்பேன்."

"எப்ப இருந்து?"

நிஜமாகவே கேட்டான். கேலி இல்லை, கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆட்டோவுக்குள் ஷீஜா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டெனி இறங்கி, சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"பொறவு கூப்பிடுதேன்" என்று லீமா போனை அணைத்தாள். கத்தியைத் துடைத்து, மடக்கி, பெட்டியில் வைத்தாள். அதற்குள் தூறல் விழத் தொடங்கிவிட்டது.

"அக்கா, ஏறுங்க. மழ வலுக்கப் போவுது" என்றாள் ஷீஜா. ஸ்டெனி வலது பக்கம் இருந்த சாமான்களை எடுத்துப் பின்னால் தள்ளி இடம் உண்டாக்கினான்.

"நீங்க போங்க. எனக்கு இப்ப பஸ் வரும்" என்றாள் லீமா.

அந்த பஸ் அவள் கம்பை ஒடித்துக்கொண்டிருந்தபோதே தாண்டிப் போயிருந்தது. அது மூன்று பேருக்கும் தெரியும்.