அக்காவுக்காகப் படித்த உளவியல்

இந்த நாட்டுக் குளிருக்குப் பழகிவிட்டேன். உறைப்பில்லாத உருளைக்கிழங்குக்கும் பழகிவிட்டேன். ஆனால் ரெகுலா கோப்பியை உறிஞ்சிக்கொண்டே, "வியாழக்கிழமை நேரத்தோடு போய்விடுவேன், என் ப்சிகோலோகினைப் பார்க்க வேண்டும்" என்று சொன்ன காலையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. சுவிஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில், விரிப்புகளின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையைப் பிடிப்பவள் ரெகுலா. ப்சிகோலோகின் என்றால் உளவியல் ஆலோசகர். பல் வைத்தியரிடம் போவதைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கேக்கை வெட்டினார்கள். மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் மண்டூரில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், வாவியைக் கடக்கிற படகு அக்கரை சேருமுன் அந்தச் செய்தி அங்கே போய் இறங்கியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் துன்பம் வந்தால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. அயலவர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மறுநாள் விடியவே எழும்பி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டிக்கொண்டு போய் ரெகுலாவின் முன்னால் வைத்தேன்.

"இன்றைக்கு உங்களுக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டாள்.

"பண்டிகை இல்லை. இது உன் துக்கத்துக்கு" என்றேன் என் அரைகுறை ஜெர்மனில்.

"யார் செத்தது?"

ஒருவரும் சாகவில்லை என்பதை விளங்கப்படுத்த எனக்கு இடைவேளை முழுவதும் தேவைப்பட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "பல்லைத் துலக்குகிற மாதிரித்தான் இதுவும். நீ ஏன் இப்படிப் பயந்துபோனாய்?" என்று கேட்டாள். அதுவரை இங்கே ஒருவரிடமும் சொல்லாத அக்காவின் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

எனக்கென்று ஊரில் இருப்பது அக்கா ஒருத்திதான். அத்தானுக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல். கதிர் முற்றுகிற காலத்தில் வயல்வட்டையில் பரண் கட்டி இரவுக்காவல் இருப்பார்கள். அப்படிக் காவலுக்குப் போன அத்தானை யானை அடித்துவிட்டது. வருடம் முடிந்து ஆட்டைத் திவசம் கொடுத்த பிறகும் அக்கா வீட்டு வளவின் வேலி வாசலான கடப்பைத் தாண்டவில்லை. கோயிலில்லை, கடையில்லை, ஒரு கல்யாண வீடில்லை. தொலைபேசியில் நான் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பாள், இல்லாவிட்டால் "ம்" என்பாள். ஆஸ்பத்திரியில் ஆலோசகர் இருக்கிறார், போய்க் கதைத்துப் பார் என்றால், "எனக்கென்ன விசரா?" என்று கேட்பாள். அவள் குரல் ஒவ்வொரு கிழமையும் தேய்ந்துகொண்டு போனது. அதுவும் இல்லாமல் போனால் என்னை யாரென்று கேட்க அந்த ஊரில் ஆளில்லை என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ரெகுலா என்னை நகர நூலகத்துக்குக் கூட்டிப் போனாள். நான் கண்ட அதிசயத்தை உங்களுக்கும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் இந்த நாட்டை எத்தனை புகழ்ந்தாலும் தகும். மனதைப் பற்றிய புத்தகங்களுக்கென்றே நீண்ட ஒரு தட்டு. ஒருவரும் ஒளித்து எடுப்பதில்லை. என் ஜெர்மனுக்குச் சிறுவர் பகுதிதான் தோது என்று ரெகுலா சொன்னபோது முதலில் கோபம் வந்தது. பிறகு கோபத்தைப் பற்றியே ஒரு படப்புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தேன். கோபத்துக்குப் பின்னால் பயம் ஒளிந்திருக்கும் என்று அதில் இரண்டே வரியில் எழுதியிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்: வெட்கப்படாமல் பிள்ளைகளின் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து, உயர்வகுப்பு மாணவர்களுக்கான பாடநூல். ஞாபகம் எப்படித் தங்குகிறது, பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதையெல்லாம் பயம் காட்டாமல் அது சொல்லும். 'ஒரு வாரத்தில் மகிழ்ச்சி' என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் தொடவேண்டாம். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

கைபேசியில் கேட்கிற பொட்காஸ்ட்டுகள் வேறொரு உலகம். துணி மடிக்கிற கைக்கு மூளை தேவையில்லை. காது சும்மாதானே இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. மட்டக்களப்பில் ஒரு பெண் தன் வீட்டு அறையிலிருந்து பதிவு செய்கிறாள். துக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் காகம் கத்தும், மீன்காரரின் ஹோர்ன் கேட்கும். அந்த மீன்காரருக்காகவே ஒரு பகுதியை இரண்டாம் தரமும் கேட்டேன். நித்திரையின்மையையும் பதற்றத்தையும் எங்கள் வாய்ப்பேச்சில், ஒரு படபடப்பும் இல்லாமல் சொல்லத் தெரிந்த அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கேட்டதையெல்லாம் அப்படியே அக்காவிடம் கொட்டினேன். மூச்சை இப்படி இழு, காலையில் எழுந்ததும் இப்படி நினை, நடந்ததில் உன் பிழை ஒன்றுமில்லை, குற்றவுணர்ச்சி துக்கத்தின் ஒரு முகம். இந்தக் கடைசி வசனத்தைச் சொன்னபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

"நீ என்னோட கதைக்கிறயா புள்ள, இல்லாட்டிப் பாடம் நடத்துறயா?" என்றாள் அக்கா. "எனக்குத் தலையிடிக்கிது. வைக்கிறன்."

அதற்குப் பிறகு அவள் அழைப்பை எடுக்கவில்லை. "ம்" கூட இல்லாமல் போனது.

அந்த நாட்களில்தான் ரெகுலா சொன்ன வானொலி நிகழ்ச்சியைக் கேட்டேன். கேட்பவர்கள் தொலைபேசியில் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள், ஒரு பெண் உளவியலாளர் பேசுவார். ஒருநாள் வந்தவர் மகனைப் பறிகொடுத்த தகப்பன். பாதியில் அவரால் பேச முடியவில்லை. உளவியலாளரும் பேசவில்லை. ஒரு சத்தமும் இல்லை. என் கைபேசி பழுதாகிவிட்டதென்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தேன். வானொலியில், நாடு கேட்டுக்கொண்டிருக்க, அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு தகப்பன் தானாகவே பேசத் தொடங்கினார்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நாள் முழுக்க யோசித்தேன். எங்கள் மண்டூர் முருகன் கோயிலில்தான். அங்கே பூசை செய்கிற கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொள்வார். மந்திரம் கிடையாது. சின்ன வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏன் அவர் ஒண்டும் சொல்றாரில்ல?" என்று கேட்டிருக்கிறேன். "அவர் கதைச்சா நாம சொல்றது சாமிக்குக் கேக்காதுகா" என்றாள் அக்கா. கோயிலில் அந்த விளக்கம் சரியோ தெரியாது. ஆனால் வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு அதைவிட நல்ல உளவியல் பாடத்தை ஒரு புத்தகமும் சொல்லித்தரவில்லை.

அக்காவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். "நான் ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா. போனை எடுத்துக் குசினியில வெச்சிட்டு நீ உன்ட வேலையப் பாரு." இரண்டு நாள் கழித்து எடுத்தாள். என் மதிய இடைவேளை அவளுக்குப் பின்னேரம். அவள் தேங்காய் துருவினாள், நான் என் பாண் துண்டைத் தின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்பதுதான் உண்மை. அப்படியே கிழமைகள் போயின.

ஒருநாள் துருவுகிற சத்தம் நின்றது.

"அண்டைக்கு அவருக்குக் காய்ச்சல் காயுற மாதிரி இருந்த" என்றாள் அக்கா. "போகல்ல எண்டுதான் சொன்னார். ஒரு ராவுக்கு விட்டா யானை எல்லாத்தையும் திண்டிரும், போங்க எண்டு நான்தான் அனுப்பின."

உன் பிழை இல்லை என்ற வசனம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே அதை அவளிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், அவள் தன் பிழையைச் சொல்ல வழிவிடாமலே. இந்த முறை விழுங்கிக்கொண்டேன். அவள் அழுதாள். நான் சத்தம் வராமல் அழுதேன். கனநேரம் கழித்து, "லைனில நிக்கிறயா?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. நிக்கிறன்."

போன கிழமை அவளாகவே அழைத்தாள். நானும் ரெகுலாவும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு காதில் மட்டும் கருவியைச் செருகியிருந்தேன்.

"கோயிலுக்குப் போகப்போறன் புள்ள. கடப்பத் தாண்டுமட்டும் வெச்சிராத."

கடப்புத் தடி இழுபடுகிற சத்தம் கேட்டது. மணலில் செருப்புச் சத்தம். "எங்க புள்ள போறாய்?" என்று யாரோ கேட்க, "கோயிலுக்கு" என்றாள் அக்கா. பழைய குரல். பிறகு மணி கேட்டது. "கோயிலடிக்கு வந்திட்டன். மறுகா எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கே கப்புகனார் வாயைக் கட்டுகிற நேரம். இங்கே இயந்திரம் வேலை முடிந்ததென்று கத்தியது. ரெகுலா விரிப்பின் மறுமுனையை நீட்டியபடி ஏதோ கேட்டாள். மற்றக் காதால் அதைக் கேட்டு "யா, யா" என்றேன். அக்காவின் குரல் கேட்ட காதைத் திறக்க மனம் வராமல், கருவியை அப்படியே விட்டுவிட்டு விரிப்பை வாங்கிக்கொண்டேன்.