ஈரலுக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம்

பசியோடு வருகிற ஆட்களை வரிசையில் இருத்துவதுதான் என் தொழிலாயிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவிலிருந்த ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில், ஸ்கான் அறை வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். வயிறு வெறுமையாக இருந்தால்தான் உள்ளே இருப்பது வடிவாகத் தெரியும். பசித்தவர்களின் முறைப்பை வாங்கிக்கொண்டு உத்தியோகம் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

சாப்பிடாத மனிதர்

கனகலிங்கத்தார் நெல் விதைப்பவர், ஊர்ப் பிள்ளையார் கோயிலின் தலைவர், நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர். கொழுப்பேறி இறுகத் தொடங்கிய ஈரலில் புற்றுக்கட்டி வரக்கூடும், சிறிதாக இருக்கும்போதே அதைப் பிடிக்கவேண்டும் என்பது எங்கள் டொக்டரின் கொள்கை. அதற்காகவே இவரை வரச்சொல்லியிருந்தார்.

ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மீசையில் சர்க்கரைப் பொங்கல் ஒட்டியிருந்தது. சுட்டிக்காட்டினேன். துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அது சாப்பாடில்லைத் தம்பி, பிரசாதம்.”

ஒரு நிழல்

அடுத்த நாள் உண்மையிலேயே பட்டினியாக வந்தார். ஈரல் நிறையக் கொழுப்பு. நடுவில் பயறளவு நிழல். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கவேண்டும், வளர்ந்திருந்தால் கொழும்புக்குப் போகவேண்டும் என்றார் டொக்டர்.

புற்றுநோய் என்ற சொல்லுக்கு மனிதர் அசையவில்லை. ஈரல் என்றதும்தான் வியர்த்தார். காதலுக்கும் வீரத்துக்கும் இதயத்தைப் பாடிவிட்டு, ஈரலைக் கள்ளுத் தவறணைக்கு விட்டுக்கொடுத்த இனம் நாங்கள். கூட வந்திருந்த அவருடைய மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தா.

“முப்பது வருசமா என்ர கண்ணில மண்ணைத் தூவியிருக்கிறார், டொக்டர்.”

பக்கத்துக் கதிரை

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவர் அந்தோனிப்பிள்ளை அன்று பக்கத்தில் இருந்தார். கள்ளைப் பகிரங்கமாகக் குடிப்பவர். ஸ்கானில் அவருடைய ஈரலோ கண்ணாடி மாதிரி. இதில் நியாயம் தேடி நான் களைத்துப்போனேன். அவர் தேடவில்லை, கனகலிங்கத்தாரின் முதுகைத் தடவிச் சொன்னார்:

“கவலைப்படாதையுங்கோ அண்ணை, இனி நீங்களும் எங்கட ஆள்தான்.”

வராத தவணை

மூன்றாம் மாதம் கனகலிங்கத்தார் வரவில்லை. நாலாம் மாதமும் இல்லை. அந்த நிழல் டொக்டரை உறங்கவிடவில்லை. என்னைச் சைக்கிளில் அனுப்பினார்.

இன்னொருமுறை ஈரல் பார்க்கப் போனால் கோயிலில் தன்னை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்றார் கனகலிங்கத்தார். தான் குடிப்பதில்லை என்று டொக்டர் எழுதித் தந்தால் வருவாராம். குடிக்காதவர்களின் ஈரலிலும் கொழுப்பு வரும் என்று மட்டுமே எழுதலாம் என்றார் டொக்டர். எழுதும் பொறுப்பு எனக்கு. நெய், சீனி, பொங்கல், மோதகம் எனக் காரணங்களை நல்ல தமிழில் அடுக்கிக் கையொப்பம் வாங்கிக் கொண்டுபோனேன். கனகலிங்கத்தார் இரண்டுமுறை வாசித்தார்.

“மோதகத்தை மட்டும் வெட்டிவிடுங்கோ தம்பி. பிள்ளையார் பழி ஏற்கவேண்டாம்.”

ஒன்பது பேர்

அடுத்த கிழமை வந்தார். கூடவே ஊரிலிருந்து ஒன்பது ஆண்கள். கடிதத்தைக் கோயில் சபைக் கூட்டத்தில் வாசித்திருக்கிறார்.

முதலில் அவரைப் படுக்கவைத்தார்கள். டொக்டர் வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார். மனைவி அவருடைய சால்வையைப் பிடித்தபடி நின்றா. நிழல் வளரவில்லை, கொழுப்புப் படியாமல் தப்பிய ஒரு திட்டாகத்தான் தெரிகிறது, எதற்கும் ஆறு மாதத்துக்கொருமுறை வரவேண்டும் என்றார் டொக்டர். அந்த அம்மா கதிரையில் இருந்துகொண்டு, சால்வையால் தன் முகத்தைத் துடைத்தா. தவணைகளைத் தானே கலண்டரில் குறித்துவைப்பதாகச் சொன்னா.

ஒன்பது பேரில் நாலு பேருக்குக் கொழுப்பு இருந்தது. தவறணையில் தான் இருந்து குடிக்கவென்றே ஒரு வாங்கு வைத்திருந்த ஒருவர் என் மேசையடிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் அதே கடிதத்தில ஒண்டு தாங்கோ, மனிசிக்குக் காட்டவேணும்.” மற்ற எட்டுப் பேரும் அதே கடிதத்துக்காக அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

நோய்க்குப் பயந்து ஒருவர்கூட வராத ஊரிலிருந்து, மனைவிக்குப் பயந்து ஒன்பது பேர் வந்தார்கள் என்பதை மருத்துவ நூல்கள் இன்னும் கவனிக்கவில்லை.